பழைய ஆர்கேட் போர்டுக்கு டிராக்பால் வயரிங்: ஆறு வயர்களும் என்ன சொல்கின்றன

ஆர்கேட் எனப்படும் பொது இட வீடியோ கேம் இயந்திரங்களில், கையால் உருட்டித் திரையிலுள்ள குறியை நகர்த்தும் பந்துதான் டிராக்பால். அதிலிருந்து வெளியே வந்து, ஆட்டத்தின் மின்சுற்றுப் பலகையான போர்டுக்குப் போவது பெரும்பாலும் ஆறே வயர்கள். ஒன்று 5 வோல்ட், ஒன்று கிரவுண்ட், மீதி நான்கும் சிக்னல். ஆறு வயரை ஆறு இடத்தில் செருகினால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். செருகிப் பந்தை உருட்டிப் பார்த்தால், திரையில் குறி இடப்பக்கம் மட்டுமே போகும். அல்லது நின்ற இடத்திலேயே நடுங்கும். மேலே உருட்டினால் பக்கவாட்டில் ஓடும். புதிதாக இந்த வேலையைத் தொடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் போர்டு போய்விட்டதோ என்று பயந்துவிடுகிறார்கள். அநேகமாக அப்படி எதுவும் ஆகியிருக்காது. நான்கு சிக்னல் வயர்களும் போர்டுக்கு என்ன சொல்கின்றன என்பது புரிந்துவிட்டால், எந்த வயர் இடம் மாறியிருக்கிறது என்பதைத் திரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

அட்டாரி நிறுவனம் 1978இல் ஃபுட்பால் ஆட்டத்திலும், 1980இல் மிசைல் கமாண்டிலும், 1981இல் சென்டிபீடிலும் டிராக்பாலைப் பயன்படுத்தியது. அதன் பிறகு பந்தின் அளவு மாறியது, கனெக்டர் மாறியது, போர்டுகள் மாறின. உள்ளே இருக்கும் தத்துவம் மட்டும் மாறவே இல்லை. அதனால் கீழே சொல்வது ஏதோ ஓர் ஆட்டத்துக்கு மட்டும் உரியது அல்ல.

பந்துக்கு அடியில்

பந்து மூன்று இடங்களில் தாங்கி நிற்கிறது. அவற்றில் இரண்டு, ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கிடக்கும் உருளைகள். மூன்றாவது வெறும் தாங்கு உருளை. அதற்கு எதையும் அளக்கும் வேலை இல்லை. அளக்கும் உருளை ஒவ்வொன்றின் முனையிலும் விளிம்பெல்லாம் துளை வெட்டிய சிறு சக்கரம் ஒன்று இருக்கும். இதுதான் என்கோடர் சக்கரம். சக்கரத்தின் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, மறுபக்கம் ஒளியை உணரும் சென்சாரான ஃபோட்டோடிரான்சிஸ்டர். துளை வந்தால் ஒளி கடக்கும், துளைகளுக்கு இடையிலுள்ள பல் வந்தால் ஒளி மறையும். உருளை சுற்றச் சுற்ற ஒளி விட்டுவிட்டு வந்து, வயரில் 0 வோல்டும் 5 வோல்டுக்குக் கிட்டத்தட்டவும் மாறிமாறித் தோன்றும்.

எவ்வளவு துல்லியம் கிடைக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 அங்குலப் பந்தின் சுற்றளவு சுமார் 239 மி.மீ. உருளையின் விட்டம் 12 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன் சுற்றளவு 37.7 மி.மீ. பந்து ஒரு முழுச் சுற்று சுற்றினால் உருளை சுமார் 6.3 சுற்று சுற்றும். சக்கரத்தில் 24 துளைகள் இருந்தால் பந்தின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 152 துடிப்புகள். உங்கள் டிராக்பாலில் உருளையின் அளவும் துளைகளின் எண்ணிக்கையும் வேறாக இருக்கலாம். ஆட்டத்தின் வேகம் சரியாக வருமா என்பது இந்த எண்களைப் பொறுத்தது. வயரிங் எல்லாம் சரியாக இருந்தும் குறி ஆமைபோல் நகர்ந்தால், அந்த ஆட்டம் எதிர்பார்க்கும் துளை எண்ணிக்கைக்கும் உங்கள் சக்கரத்துக்கும் பொருத்தம் இல்லை என்று அர்த்தம். அதை வயரால் தீர்க்க முடியாது, சக்கரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு விஷயம் இங்கே பலரையும் குழப்பும். ஆட்டக்காரரை நோக்கி நீளவாக்கில் கிடக்கும் உருளை இட-வல நகர்வை அளக்கிறது. குறுக்காகக் கிடக்கும் உருளை முன்-பின் நகர்வை அளக்கிறது. பந்து வலப்பக்கம் உருளும்போது எந்த அச்சைச் சுற்றிச் சுழல்கிறது என்று கையில் ஒரு பந்தை வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும்.

ஒரே நகர்வுக்கு ஏன் இரண்டு சிக்னல்?

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சென்சார் போதாது. துடிப்புகளை எண்ணினால் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது தெரியும், எந்தப் பக்கம் என்பது தெரியாது. வலப்பக்கம் சுற்றினாலும் இடப்பக்கம் சுற்றினாலும் துளைகள் ஒரே மாதிரிதான் கடந்து போகும்.

ஒரு வாசலில் முன்னும் பின்னுமாக இரண்டு ஒளிக்கதிர்கள் குறுக்கே போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கதிர் முதலில் மறைந்து, அப்புறம் உள்கதிர் மறைந்தால் ஆள் உள்ளே வருகிறார். உள்கதிர் முதலில் மறைந்தால் வெளியே போகிறார். திசையைச் சொல்வது அவை மறையும் வரிசைதான். டிராக்பாலிலும் இதே ஏற்பாடு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு சென்சார்கள், ஒரு துளை-பல் சுற்றில் கால் பங்கு தள்ளி, அதாவது 90 பாகை வித்தியாசத்தில் வைக்கப்பட்டிருக்கும். அவற்றை ஏ, பி என்று அழைப்போம். இந்த முறைக்குக் குவாட்ரேச்சர் என்று பெயர்.

ஒரு பக்கம் சுற்றும்போது ஏ, பி இரண்டின் நிலையும் 00, 10, 11, 01, மறுபடி 00 என்று போகும். மறுபக்கம் சுற்றினால் 00, 01, 11, 10, 00. எந்தப் பக்கம் போனாலும் ஒரு நேரத்தில் ஒரு சிக்னல்தான் மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். 00இலிருந்து 11க்கு நேராகத் தாவினால் இடையில் ஏதோ தவறிவிட்டது என்று பொருள். முதல் வரிசையில் ஏ முந்துகிறது, இரண்டாவதில் பி முந்துகிறது. அதனால்தான் ஒரு சக்கரத்தின் ஏ வயரையும் பி வயரையும் இடம் மாற்றிப் போட்டால் அந்த நகர்வு அப்படியே தலைகீழாகிறது. இது பிழையும்தான், பிழைக்கான மருந்தும்தான்.

இரண்டு உருளைகள், உருளைக்கு இரண்டு சிக்னல். இட-வல நகர்வை எக்ஸ், முன்-பின் நகர்வை ஒய் என்று அழைத்தால் எக்ஸ்-ஏ, எக்ஸ்-பி, ஒய்-ஏ, ஒய்-பி. நான்கு சிக்னல் வயர்களின் கணக்கு இதுதான்.

போர்டு எப்படி எண்ணுகிறது

பழைய போர்டுகளில் இதை எண்ண ஓர் எளிய வழி வைத்திருந்தார்கள். ஏ சிக்னல் 0இலிருந்து 1க்கு ஏறும் நொடியில் பி என்னவாக இருக்கிறது என்று ஒரு ஃபிளிப்-ஃபிளாப் (ஒரே ஒரு 0 அல்லது 1ஐ நினைவில் வைக்கும் சுற்று) பார்க்கும். பி 0 என்றால் ஒரு திசை, 1 என்றால் எதிர்த் திசை. ஏ துடிப்புகளை ஒரு கவுண்டர் ஐசி ஏற்றியோ இறக்கியோ எண்ணும். ஆட்டத்தின் நிரல் அவ்வப்போது வந்து அந்தக் கவுண்டரைப் படித்து, முன்பு படித்த எண்ணிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கும். சென்டிபீட் போர்டில் நிரலுக்குக் கிடைப்பது 4 பிட் எண்ணிக்கையும் ஒரு திசை பிட்டும்தான்.

4 பிட் கவுண்டர் 0 முதல் 15 வரை எண்ணிவிட்டு மறுபடி 0க்கு வந்துவிடும். இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே எண்ணிக்கை 3 கூடினால் சிக்கல் இல்லை. 9 கூடினால்? 16க்குள் 9 முன்னே போவதும் 7 பின்னே போவதும் ஒரே எண்ணில்தான் வந்து நிற்கும். மாற்றத்தை மட்டும் பார்க்கும் நிரல், பின்னால் போனதாக எடுத்துக்கொள்ளும். பந்தை ஓங்கி உருட்டும்போது குறி எதிர்ப்பக்கம் துள்ளுவது இதனால்தான். இதைப் பின்சுழற்சி என்பார்கள். நிரல் நொடிக்கு 60 முறை மட்டும் கவுண்டரைப் படித்தால், நொடிக்கு சுமார் 480 துடிப்புகளைத் தாண்டும்போது இந்தச் சிக்கல் தலைதூக்கும். மேலே போட்ட கணக்குப்படி அது பந்தின் மூன்று சுற்றுக்குச் சற்று அதிகம்; பெரிய வேகமே அல்ல. ஆகவே அந்த ஆட்டத்துக்கு உரியதைவிட அதிகத் துளைகள் கொண்ட சக்கரத்தைப் போடுவது துல்லியத்தைக் கூட்டாது, பின்சுழற்சியைத்தான் கூட்டும்.

போர்டில் எங்கே இணைப்பது

இங்கேதான் போர்டுக்குப் போர்டு வேறுபாடு அதிகம். ஜாமா என்பது ஆர்கேட் போர்டுகளின் விளிம்புக் கனெக்டருக்கான பொதுத் தரம். அதற்கு முந்தைய போர்டுகளில் விளிம்புக் கனெக்டர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். டிராக்பால் சிக்னல்கள் பிரதான விளிம்பிலேயே வரலாம், தனிக் கனெக்டரிலும் வரலாம். ஒரு போர்டின் பின் (கனெக்டரின் உலோகத் தொடுமுனை) வரிசையை வைத்து இன்னொரு போர்டின் வரிசையை ஊகிக்கவே கூடாது.

ஜாமா போர்டுகளில் 56 பின் விளிம்பு, பக்கத்துக்கு 28, பின்களுக்கு இடையே 3.96 மி.மீ. அந்தத் தரத்தில் டிராக்பாலுக்கென்று ஒரு பின்கூட ஒதுக்கப்படவில்லை. ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும்தான் உண்டு. ஆகவே ஜாமா காலத்து டிராக்பால் ஆட்டங்களில் இரண்டு வழிகளில் ஒன்று இருக்கும். போர்டில் தனியாக ஒரு சிறு பின் வரிசை இருக்கும். இல்லையென்றால் ஜாய்ஸ்டிக்கின் மேல், கீழ், இட, வல பின்களையே நான்கு சிக்னல்களுக்கும் பயன்படுத்தியிருப்பார்கள். எது என்று அந்த ஆட்டத்தின் கையேட்டிலுள்ள வயரிங் படம்தான் சொல்ல முடியும். படம் கையில் இல்லாமல் 5 வோல்டைத் தேடி ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் போர்டுகளைக் கொன்றிருக்கிறது.

ஜாமாவில் ஒரு பக்கத்துப் பின்களுக்கு எண்களும் மறுபக்கத்துக்கு எழுத்துகளும் பெயர்; இந்த ஏ, பி மேலே சொன்ன சிக்னல்கள் அல்ல. 1, 2, ஏ, பி பின்கள் கிரவுண்ட். 3, 4, சி, டி பின்கள் 5 வோல்ட். 6உம் எஃப்உம் 12 வோல்ட். 7உம் எச்உம் சாவி இடம். கனெக்டரைத் தலைகீழாகச் செருகாமல் தடுப்பதற்காக அங்கே பின் இருக்காது. சாவித் துண்டு இல்லாத கனெக்டரைத் திருப்பிச் செருகினால் 6ஆம் இடத்து 12 வோல்ட் 23ஆம் இடத்தில், அதாவது பட்டன் உள்ளீட்டில் போய் விழும். உள்ளீட்டு ஐசிக்கு அதுவே முடிவு. சாவித் துண்டு காணாமல் போயிருந்தால் டிராக்பாலைத் தொடுவதற்கு முன்பே அதைப் போட்டுவிடுங்கள்.

5 வோல்ட் விஷயத்தில்

டிராக்பாலுக்கு மின்சாரம் அதிகம் தேவையில்லை. நான்கு எல்இடிகள், ஒவ்வொன்றுக்கும் பத்து, இருபது மில்லியாம்பியர். எல்லாம் சேர்ந்தாலும் பொதுவாக 100 மில்லியாம்பியர் அளவில்தான் நிற்கும். 22 கேஜ் வயரின் தடை மீட்டருக்குச் சுமார் 0.05 ஓம். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் என்றாலும் வயரில் விழும் மின்னழுத்தம் 10 மில்லிவோல்ட்தான். டிராக்பால் முனையில் 4.6 வோல்ட் மட்டுமே இருந்தால், வயர் மெல்லியது என்று எண்ணித் தடித்த வயருக்கு மாற்ற வேண்டாம். போர்டு விளிம்பில் கனெக்டர் தொடும், கருத்துப்போன உலோக விரல்களையும், வயர் நுனியில் நசுக்கிப் பொருத்திய முனை, அதாவது கிரிம்ப், தளர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், பிறகு மின்வழங்கியின் அளவை.

போர்டுக்கு 4.75 முதல் 5.25 வோல்டுக்குள் வர வேண்டும். அதை மின்வழங்கியின் முனையில் அளந்தால் போதாது, போர்டின் விளிம்பிலேயே அளக்க வேண்டும், அதுவும் போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போது. டிராக்பாலுக்கான 5 வோல்டையும் கிரவுண்டையும் போர்டுக்குப் போகும் அதே ஹார்னஸிலிருந்து (வயர்க் கட்டிலிருந்து) எடுங்கள். வேறொரு மின்வழங்கியிலிருந்து 5 வோல்ட் கொடுத்து கிரவுண்டை இணைக்காமல் விட்டால், சிக்னலை ஒப்பிட்டுப் பார்க்க போர்டுக்குப் பொதுவான தரை இருக்காது. விளக்கு எரியும், சக்கரம் சுற்றும், திரையில் ஒன்றும் நடக்காது.

கட்டுப்பாட்டுப் பலகையில் பட்டன் விளக்குகளுக்காக 12 வோல்ட் வயரும் ஓடிக்கொண்டிருக்கும் கேபினெட்டுகள் (ஆட்ட இயந்திரப் பெட்டிகள்) உண்டு. அதைத் தவறுதலாக என்கோடர் போர்டில் (டிராக்பாலின் சென்சார்கள் இருக்கும் சிறு பலகையில்) கொடுத்தால் திருத்தவே வாய்ப்பில்லை. நிறத்தை நம்பாமல் மீட்டரை வைத்துப் பார்த்த பிறகே இணையுங்கள்.

இன்னொன்று, சிக்னலின் தன்மை. இப்போது கிடைக்கும் பல ஆர்கேட் டிராக்பால்களின் என்கோடர் போர்டு சுத்தமான சதுர அலையாகவே சிக்னலைத் தரும். பழையவை சிலவற்றில் வெளியீடு திறந்த கலெக்டராக இருக்கும், எல்எம்339 போன்ற ஒப்பீட்டு ஐசியில் வருவதுபோல. அது சிக்னலை 0க்கு இழுக்கும், 1க்குத் தானாக ஏற்றாது. ஏற்றுவதற்கு 5 வோல்டுக்கும் சிக்னல் வயருக்கும் இடையே ஒரு புல்-அப் ரெசிஸ்டர் வேண்டும். பல போர்டுகளில் அது உள்ளேயே இருக்கும். இல்லையென்றால் சிக்னலுக்கு ஒன்றாக 1 கிலோ ஓம் முதல் 10 கிலோ ஓம் வரை போடலாம், 4.7 கிலோ ஓம் நல்ல தேர்வு.

வேலைக்கு வேண்டியவை

மல்டிமீட்டர், 22 கேஜ் பல்லிழை வயர், உங்கள் போர்டுக்கும் என்கோடருக்கும் பொருந்தும் கனெக்டர்கள், அவற்றுக்கான கிரிம்ப் முனைகள், நல்ல கிரிம்பிங் கருவி, சுருங்கு குழாய், வயருக்கு ஒட்ட லேபிள். கனெக்டர்களில் 3.96 மி.மீ., 2.54 மி.மீ. என இரண்டு இடைவெளிகள் பரவலாக உள்ளன, வாங்குமுன் அளந்துவிடுங்கள். கிரிம்ப் முனையில் சால்டர் ஊற்றுவதைத் தவிர்க்கலாம். சால்டர் வயருக்குள் ஏறி அதை விறைப்பாக்கிவிடும், பந்தின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்திலேயே இழைகள் ஒடியும்.

இணைக்கும் வரிசை

முதலில் இயந்திரத்தின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். கேபினெட்டில் படக்குழாய் மானிட்டர் இருந்தால், அதன் உயர் அழுத்த முனையில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் அணைத்த பிறகும் தங்கியிருக்கலாம். டிராக்பால் வேலைக்கு அந்தப் பக்கம் கை போக வேண்டிய தேவையே இல்லை, போகவும் கூடாது.

அடுத்து, டிராக்பாலை போர்டோடு இணைக்காமல் தனியாகச் சோதியுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் மணிக்கணக்கில் அலைகிறார்கள். என்கோடர் போர்டில் எது 5 வோல்ட், எது கிரவுண்ட் என்று எழுதியிருந்தால் நல்லது. எழுதவில்லையென்றால் போர்டில் உள்ள ஐசியைப் பாருங்கள். எல்எம்339 என்றால் 3ஆம் பின் மின்சாரம், 12ஆம் பின் கிரவுண்ட். 14 பின் 74எல்எஸ்14 என்றால் 14ஆம் பின் மின்சாரம், 7ஆம் பின் கிரவுண்ட். மீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, எந்தக் கனெக்டர் பின் அந்த இடத்துக்குப் போகிறது என்று பிடித்துவிடலாம்.

5 வோல்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே குறுக்குச் சுற்று இல்லை என்று உறுதி செய்தபின், சீரான 5 வோல்ட் மின்வழங்கியால் உயிர் கொடுங்கள். கருப்பு முனை கிரவுண்டிலும் சிவப்பு முனை ஒரு சிக்னலிலும் இருக்க, உருளையை விரலால் மெல்ல நகர்த்துங்கள். அளவு 0.8 வோல்டுக்குக் கீழேயும் 2 வோல்டுக்கு நன்கு மேலேயும் தெளிவாக மாற வேண்டும். மேல் அளவு 4 வோல்டை ஒட்டி இருந்தால் கவலையே இல்லை. வேகமாகச் சுற்றினால் மீட்டர் சராசரியைக் காட்டும், 2.5 வோல்டுக்கு அருகில் நிற்கும். மேல் அளவு 1.4 வோல்ட் என்று இரண்டுங்கெட்டானாக நின்றால் புல்-அப் இல்லை, அல்லது எல்இடி மங்கிவிட்டது, அல்லது சென்சாரில் தூசி. நான்கு சிக்னலையும் இப்படிப் பார்த்து, எந்த உருளையை நகர்த்தும்போது எது மாறுகிறது என்று எழுதி, அந்த வயரிலேயே லேபிள் ஒட்டுங்கள்.

லேபிள் ஏன் இவ்வளவு முக்கியம்? நான்கு வயர்களை நான்கு இடங்களில் 24 விதமாகப் போடலாம். அவற்றில் 8 விதங்களில்தான் ஒரே உருளையின் இரு வயர்களும் ஒரே ஜோடியில் சேர்ந்திருக்கும். மீதி 16 விதங்களிலும் ஓர் உருளையின் சிக்னல் இன்னோர் உருளையின் சிக்னலோடு ஜோடி சேர்ந்து, குறி நடுங்கும் அல்லது ஒரு பக்கமாக ஓடும். ஜோடியை முன்பே கண்டுபிடித்தால் அந்த 16 வழிகளும் அப்போதே அடைபட்டுவிடும். மிச்சமுள்ள எட்டில் தவறு நேர்ந்தாலும் திரை அதைத் தெளிவாகக் காட்டும்.

இப்போது ஹார்னஸைத் தயார் செய்து கிரவுண்ட், 5 வோல்ட், எக்ஸ் ஜோடி, ஒய் ஜோடி என்ற வரிசையில் இணையுங்கள். சிக்னல் வயர்களை மானிட்டரின் பின்புறத்திலிருந்தும் மெயின்ஸ் வயர்களிலிருந்தும் ஒதுக்கி ஓட்டுங்கள். போர்டு ஓடும்போது எந்தக் கனெக்டரையும் செருகவோ உருவவோ வேண்டாம். ஒரு வயரை இடம் மாற்றுவதற்குக்கூட அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

மின்சாரம் கொடுத்ததும் நேரே ஆட்டத்துக்குள் போகாமல் சர்வீஸ் சுவிட்சைப் போட்டுச் சோதனைத் திரைக்குப் போங்கள். பல போர்டுகளில் அங்கே டிராக்பாலின் நகர்வு எண்ணாகவோ குறியாகவோ தெரியும். ஜாய்ஸ்டிக்கா டிராக்பாலா என்று தேர்வு செய்யும் அமைப்பு உள்ள ஆட்டங்களும் உண்டு. அது ஜாய்ஸ்டிக்கில் இருந்தால் எவ்வளவு சரியான வயரிங்கும் பலிக்காது.

திரையைப் பார்த்துப் பிழையைப் படிப்பது

வலப்பக்கம் உருட்டினால் குறி இடப்பக்கம் போகிறதா? அந்த ஜோடியின் ஏ, பி வயர்களை மட்டும் தங்களுக்குள் மாற்றுங்கள். மற்ற ஜோடியைத் தொட வேண்டாம்.

மேலே உருட்டினால் பக்கவாட்டில் போகிறதா? எக்ஸ் ஜோடியை ஒய் இடத்துக்கும் ஒய் ஜோடியை எக்ஸ் இடத்துக்கும் முழுதாக மாற்ற வேண்டும். டிராக்பாலின் கூட்டைக் கால் சுற்று திருப்பிப் பொருத்தியிருந்தாலும் இதேதான் நடக்கும், ஏனென்றால் என்கோடரில் எழுதியிருக்கும் எக்ஸ், ஒய் பெயர்கள் ஒரே ஒரு பொருத்தும் நிலைக்குத்தான் செல்லும். இரண்டு பிழைகளும் சேர்ந்து வந்தால் முதலில் ஜோடிகளை மாற்றி, அதன் பிறகு திசையைச் சரி செய்யுங்கள். இந்த வரிசை தலைகீழானால் எதை ஏன் மாற்றினோம் என்பதே மறந்துவிடும்.

எந்தப் பக்கம் உருட்டினாலும் ஒரே பக்கம் நகர்கிறதா? திசை சொல்லும் சிக்னல் போர்டுக்கு வந்து சேரவில்லை. மேலே சொன்ன எண்ணும் முறையை நினைத்துப் பாருங்கள்: பி எப்போதும் 0 என்றோ எப்போதும் 1 என்றோ நின்றுவிட்டால் ஃபிளிப்-ஃபிளாப் ஒரே பதிலைத்தான் சொல்லும், கவுண்டர் ஒரே பக்கம்தான் எண்ணும். ஏ அறுந்திருந்தால் எண்ணிக்கையே நடக்காது, அந்தத் திசையில் குறி அசையாது. இரண்டு சிக்னல்களின் எல்லா மாற்றங்களையும் எண்ணும் போர்டுகளில், ஒரு சிக்னல் செத்திருந்தால் குறி ஒரு படி முன்னே ஒரு படி பின்னே என்று அங்கேயே நடுங்கும். ஆக, நடுக்கமோ ஒருதலை ஓட்டமோ கண்டால் அந்த ஜோடியின் இரு வயர்களையும் போர்டு முனையில் மீட்டரால் பாருங்கள். டிராக்பால் முனையில் மாறி, போர்டு முனையில் மாறாவிட்டால் கோளாறு இடையிலுள்ள கிரிம்பில். டிராக்பால் முனையிலேயே மாறவில்லையென்றால் சென்சாரில். இரண்டு முனையிலும் ஒழுங்காக மாறியும் திரையில் பலன் இல்லையென்றால் மட்டுமே போர்டின் உள்ளீட்டு ஐசியைச் சந்தேகிக்கலாம். அதுவும் எக்ஸ் ஜோடியையும் ஒய் ஜோடியையும் தற்காலிகமாக மாற்றிப் பார்த்து, கோளாறு வயரோடு மற்ற நகர்வுக்குப் போகிறதா அல்லது திரையில் அதே நகர்வில் தங்குகிறதா என்று கவனித்த பிறகு. வயரோடு போனால் டிராக்பால், தங்கினால் போர்டு.

பந்து உருள்கிறது, குறி விட்டுவிட்டு நகர்கிறது என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டு இயந்திர பாகங்களைப் பாருங்கள். உருளைகளில் நடுவில் ஒரு அழுக்குப் பட்டை படிந்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். பட்டைக்குப் பதில் பள்ளமே விழுந்திருந்தால் உருளையை மாற்றத்தான் வேண்டும். பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றால் புதியது போடுங்கள். என்கோடர் சக்கரம் உருளையில் தளர்ந்திருந்தால் உருளை சுற்றும், சக்கரம் வழுக்கும். சக்கரம் சென்சாரின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கம் உரசினாலும் துடிப்புகள் தவறும்.

எல்இடி எரிகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது, அகச்சிவப்பு அல்லவா. கைபேசியின் கேமரா வழியாகப் பார்த்தால் ஊதா நிறப் புள்ளியாகத் தெரியும். அகச்சிவப்பை வடிகட்டும் கேமராக்களில் தெரியாது. தொலைக்காட்சி ரிமோட்டை வைத்து முதலில் கேமராவைச் சோதித்துக்கொள்ளுங்கள். பலகையைத் திறந்து வைத்துச் சோதிக்கும்போது நேர் வெயிலோ கடும் விளக்கொளியோ சென்சாரில் விழுந்தால் சிக்னல் பொய் சொல்லும். மூடியதும் சரியாகிவிட்டால் காரணம் அதுதான்.

குறி நேராகப் போகாமல் எப்போதும் சாய்வாகவே போவது சில ஆட்டங்களில் பிழையே அல்ல. 1984இல் வந்த மார்பிள் மேட்னஸில் டிராக்பால்கள் 45 பாகை திருப்பிப் பொருத்தப்பட்டிருக்கும், அந்தச் சாய்வைக் கணக்கில் வைத்தே நிரல் எழுதப்பட்டது. அந்த போர்டுக்குச் சாதாரண முறையில் நேராகப் பொருத்திய டிராக்பாலைக் கொடுத்தால் வயரை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. கூட்டைத் திருப்பிப் பொருத்துவதே வழி.

மவுஸையோ யுஎஸ்பி டிராக்பாலையோ இணைக்கலாமா?

நேரடியாக முடியாது. யுஎஸ்பியிலும் பிஎஸ்2விலும் வருவது நகர்வைப் பொதிந்த தரவு. ஏ, பி துடிப்புகள் உள்ளேயே எண்ணப்பட்டுவிடுகின்றன. இடையில் ஒரு மைக்ரோகன்ட்ரோலரை வைத்து அந்தத் தரவைத் திரும்பக் குவாட்ரேச்சராக மாற்றினால் முடியும். மாறாக, அமிகா, அட்டாரி எஸ்டி கணினிகளின் பழைய மவுஸ்கள் 5 வோல்டில் நேரடிக் குவாட்ரேச்சரையே வெளியிட்டன. ஒரு ஆர்கேட் போர்டின் டிராக்பால் உள்ளீடு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க அப்படி ஒரு மவுஸ் அருமையான கருவி.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் விட்டுப்போகிற ஒரு வயர் உண்டு: எர்த். டிராக்பாலின் உலோகத் தட்டிலிருந்து கேபினெட்டின் எர்த் முனைக்குத் தனியாக ஒரு பச்சை வயர் ஓட வேண்டும். உலர்ந்த காற்றில் ஆட்டக்காரரின் உடலில் சேரும் நிலைமின்சாரம் தட்டைத் தொட்டதும் பாயும். எர்த் இருந்தால் அந்த வழியாகப் போய்விடும். இல்லையென்றால் அதற்குக் கிடைக்கும் அடுத்த வழி உங்கள் நான்கு சிக்னல் வயர்கள்தான். அவற்றின் மறுமுனையில் இருப்பதோ நாற்பது வருடப் பழைய ஐசி. பலகையை மூடுவதற்கு முன் தட்டுக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் இடையே மீட்டரை வைத்துத் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பலகை திறந்து மூடும்போது இழுபடாத அளவுக்கு ஹார்னஸில் தளர்வு விட்டு, வயர்களைக் கட்டிவிடுங்கள்.